‘101’ தெரிந்தால் ‘102’ தெரிந்துவிடும்: யாராலும் யூகிக்க முடியாத கூப்பன் கோடு உருவாக்குவது எப்படி?

சேலம் ஜங்ஷன் ரயில் நிலையம் இருக்கும் சூரமங்கலத்தில் ஒரு சின்னச் சேலைக் கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். இளம்பிள்ளையில் சேலை வாங்கி, கடையிலும் விற்கிறார்கள், சொந்த வெப்சைட்டிலும் விற்கிறார்கள். தீபாவளிக்காகப் பழைய வாடிக்கையாளர்கள் 500 பேருக்கு ஆளுக்கொரு கூப்பன் அனுப்புகிறார்கள். ஒவ்வொன்றுக்கும் 200 ரூபாய் தள்ளுபடி, ஒரு முறைதான் பயன்படுத்த முடியும். கோடு என்ன தெரியுமா? தீபாவளி101, தீபாவளி102, தீபாவளி103... இப்படியே தீபாவளி600 வரை.

கூப்பன் அனுப்பிய இரண்டாம் நாளே கடைக்கு போன் வருகிறது. “ஏங்க அக்கா, நீங்க அனுப்புன கோடைப் போட்டா ‘ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டது’னு வருதுங்களே?”

அடுத்த போனும் அதே புகார். அதற்கடுத்ததும் அதேதான்.

நடந்தது ரொம்பச் சாதாரணமான விஷயம். 137-ஆம் கூப்பன் வாங்கிய ஒருவர், தன் கோடைப் பயன்படுத்திய பிறகு, சும்மா 138 போட்டுப் பார்த்திருக்கிறார். வேலை செய்தது. 139 போட்டார். அதுவும் வேலை செய்தது. அவர் நண்பர்களுக்குச் சொல்ல, நண்பர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் போட, கடைக்காரர் பார்ப்பதற்குள் கூப்பன் எல்லாம் காலி.

இந்தக் கடை கற்பனைதான். ஆனால் இந்த ஓட்டை கற்பனை இல்லை. உலகின் பெரிய நிறுவனங்களே இதில் மாட்டியிருக்கின்றன.

200 ரூபாய்தானே, இதில் என்ன பெரிய நஷ்டம்?

கூப்பன் கொடுக்கும் எந்தக் கடையும் எல்லாக் கூப்பனும் திரும்பி வரும் என்று கணக்குப் போடுவதில்லை. 500 கொடுத்தால் 50, 60 வரும் என்றுதான் பட்ஜெட் போடுவார்கள். ஒரு சேலையில் 250 ரூபாய் லாபம் என்றால், 200 ரூபாய் தள்ளுபடி போக மிஞ்சுவது 50 ரூபாய். அதிலிருந்துதான் பேக்கிங், கூரியர் எல்லாம். 60 பேருக்கு 12 ஆயிரம் ரூபாய் என்று ஒதுக்கிய இடத்தில் 500-ம் பயன்பட்டால் ஒரு லட்சம் ரூபாய் போய்விடும்.

பணத்தைவிடப் பெரிய நஷ்டம் இன்னொன்று. கூப்பன் யாருக்காக அனுப்பப்பட்டதோ, அந்தப் பழைய வாடிக்கையாளர் ஏமாந்து நிற்கிறார். அவர் கண்ணுக்குத் தெரிவது ஏதோ ஒரு ஹேக்கர் இல்லை. ‘கூப்பன்னு சொல்லி ஏமாத்திட்டாங்க’ என்பதுதான் அவர் மனதில் நிற்கும்.

தனித்துவம் வேறு, யூகிக்க முடியாமை வேறு

சேலைக் கடையின் 500 கோடுகளில் ஒன்றுபோல இன்னொன்று இல்லை. எல்லாமே தனித்தனி. பிறகு எங்கே தவறு?

தெருவில் இருக்கும் வீடுகளின் கதவு எண்ணை யோசித்துப் பாருங்கள். 14-ஆம் எண் ஒரே வீட்டுக்குத்தான். ஆனால் அதைப் பார்த்தவருக்கு அடுத்த வீடு 15 என்று சொல்லித்தர வேண்டியதில்லை. எண் தனித்துவமாக இருக்கிறது, ரகசியமாக இல்லை. வீட்டு எண்ணுக்கு அது போதும். கூப்பனுக்குப் போதாது.

நம் கையில் தினமும் புழங்கும் குறியீடுகள் இந்த இரண்டில் ஏதோ ஒரு வகையில்தான் வரும்.

ரயில் டிக்கெட்டில் இருக்கும் 10 இலக்க பிஎன்ஆர் எண் ஒரு முன்பதிவை அடையாளம் காட்டுகிறது. தங்க நகையில் பொறிக்கப்படும் ஹெச்யுஐடி என்ற 6 இலக்கக் குறியீடு, 2023 ஏப்ரல் 1 முதல் ஹால்மார்க் நகைகளுக்குக் கட்டாயம். எழுத்தும் எண்ணும் கலந்த இந்தக் குறியீட்டை பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால் நகையின் விவரம் வரும். அது எல்லோரும் பார்த்துச் சரிபார்ப்பதற்காகவே பொறிக்கப்படுவது. ஒளித்து வைக்க வேண்டிய அவசியம் இல்லை.

இதற்கு நேர் எதிரானது, பெட்டிக்கடைகளில் வாங்கிய பழைய மொபைல் ரீசார்ஜ் கார்டு. வெள்ளிப் பூச்சை நாணயத்தால் சுரண்டினால் உள்ளே நீளமான எண் இருக்கும். அந்த எண்தான் பணம். யார் முதலில் டைப் செய்கிறாரோ அவருக்கே பேலன்ஸ். அதனால்தான் அடுத்தடுத்த கார்டுகளில் அடுத்தடுத்த எண்கள் இருக்கவில்லை. ஒரு கார்டைச் சுரண்டியவரால் பக்கத்துக் கார்டின் எண்ணைச் சொல்ல முடியாது.

கூப்பன் கோடு இந்த ரீசார்ஜ் கார்டு ஜாதி. டைப் செய்தவருக்குப் பண மதிப்பு கிடைக்கிறது. எனவே அது தனித்துவமாகவும் இருக்க வேண்டும், யூகிக்க முடியாததாகவும் இருக்க வேண்டும்.

உபரில் நடந்தது என்ன?

2016-ல் போர்ச்சுகலைச் சேர்ந்த பாதுகாப்பு ஆய்வாளர்கள் சிலர் உபர் நிறுவனத்தின் தளத்தைச் சோதித்தார்கள். அவர்கள் திருடர்கள் அல்ல. குறைகளைக் கண்டுபிடித்துச் சொல்பவர்களுக்கு உபரே சன்மானம் தரும் திட்டத்தில் பங்கேற்றவர்கள்.

கூப்பன் போடும் பக்கத்தில் இரண்டு விஷயங்கள் அவர்கள் கண்ணில் பட்டன. ஒன்று, பல கோடுகள் ‘உபர்’ என்ற சொல்லில்தான் தொடங்கின. அதாவது பாதி கோடு ஏற்கெனவே தெரிந்துவிட்டது. இரண்டு, எத்தனை முறை தவறாகப் போட்டாலும் தளம் தடுக்கவில்லை. ஒரு ஸ்கிரிப்ட் எழுதி வரிசையாகக் கோடுகளைப் போட்டுப் பார்த்தார்கள். 1,000-க்கும் மேற்பட்ட செல்லுபடியாகும் கோடுகள் கிடைத்தன. அதில் 100 டாலர் மதிப்புள்ள ஒன்றும் இருந்தது. அவர்கள் இதை நிறுவனத்திடம் தெரிவித்த பிறகு ஓட்டை அடைக்கப்பட்டது.

அதே 2016 டிசம்பரில், ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் நடந்த கணினிப் பாதுகாப்பு மாநாட்டில் விமான டிக்கெட் பற்றிய ஆய்வு ஒன்று வெளியானது. விமானப் பயண முன்பதிவுக் குறியீட்டுக்கு 6 இடங்கள்தான். சில முன்பதிவு அமைப்புகள் அவற்றை ஏறக்குறைய வரிசையாகவே வழங்குவதை ஆய்வாளர்கள் காட்டினார்கள். குடும்பப் பெயரும் இந்தக் குறியீடும் இருந்தால் ஒருவரின் பயண விவரத்தையே பார்த்துவிட முடியும்.

இரண்டு சம்பவங்களும் சொல்வது ஒன்றுதான்: குறியீட்டில் பணமோ தகவலோ பூட்டப்பட்டிருந்தால், அந்தக் குறியீடுதான் சாவி. கதவு எண் மாதிரி அதைக் கொடுக்கக் கூடாது.

எத்தனை இலக்கம் இருந்தால் போதும்?

இதற்குச் சின்னக் கணக்கு ஒன்று போதும்.

4 இலக்க எண் என்றால் மொத்தம் 10,000 வாய்ப்புகள். அதில் 500 கூப்பன்கள் உயிரோடு இருக்கின்றன. கண்ணை மூடிக்கொண்டு போட்டாலும் 20 முயற்சிக்கு ஒன்று மாட்டிவிடும். எண்களை எவ்வளவு கலைத்துப் போட்டாலும் இந்த நிலை மாறாது.

6 இலக்கம் என்றால் 10 லட்சம் வாய்ப்புகள். 2,000 முயற்சிக்கு ஒன்று மாட்டும். ஒரு ஸ்கிரிப்டுக்கு இது சில நிமிட வேலை.

எழுத்துகளையும் சேர்த்தால் கணக்கு தலைகீழாக மாறும். ஆங்கிலத்தின் 26 பெரிய எழுத்துகள், 10 எண்கள், ஆக 36. இதில் வாடிக்கையாளரைக் குழப்பும் நான்கை எடுத்துவிட வேண்டும்: பூஜ்ஜியமும் ‘ஓ’ எழுத்தும், ஒன்றும் ‘ஐ’ எழுத்தும். பில்லில் சின்னதாக அச்சடித்தால் எது எது என்று தெரியாது. மிச்சம் 32.

இந்த 32-ல் இருந்து 8 இடங்களுக்கு எடுத்தால் கிடைக்கும் வாய்ப்புகள் 1 லட்சத்து 9 ஆயிரம் கோடிக்கும் மேல். 500 கூப்பன் என்றால், ஒரு முயற்சி பலிக்க 220 கோடியில் ஒரு வாய்ப்பு.

கவனிக்க வேண்டிய இடம் இது. கூப்பன் எண்ணிக்கை கூடக்கூடப் பாதுகாப்பு குறையும். அதே 8 இடத்தில் 10,000 கூப்பன் கொடுத்தால், 11 கோடியில் ஒரு வாய்ப்பு. யாராவது நொடிக்கு 100 கோடு வீதம் ஸ்கிரிப்டில் போட்டுக்கொண்டே இருந்தால், சராசரியாக 13 நாளில் ஒன்று சிக்கிவிடும். எனவே அதிகம் கொடுப்பவர்கள் 10 இடம் வைத்துக்கொள்வது நல்லது. இரண்டு இடம் கூடினால் சிரமம் 1,024 மடங்கு கூடுகிறது.

‘தீபாவளி’ என்று முன்னால் சேர்ப்பதில் தவறில்லை, பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அது எல்லோருக்கும் தெரிந்த பகுதி. அதை நீளக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

நீளமாக இருந்தால் மட்டும் போதுமா?

போதாது. இங்கேதான் ஸ்கிரிப்ட் எழுதுபவர்கள் பலரும் சறுக்குகிறார்கள்.

மேலே சொன்ன கணக்கு எல்லாம், ஒவ்வோர் எழுத்தும் குலுக்கிப் போட்டு எடுத்தது மாதிரி வந்தால்தான் சரி. கணினிக்குக் குலுக்கத் தெரியாது. சொன்னதைச் சொன்னபடி செய்வதுதான் அதன் வேலை. அதனால் சாதாரண ‘ரேண்டம்’ கட்டளைகள் ஒரு தொடக்க எண்ணை எடுத்து, ஒரு சூத்திரத்தில் போட்டு, அடுத்தடுத்த எண்களைத் தருகின்றன. பார்க்கக் கலைந்தது மாதிரி இருக்கும். தொடக்க எண் தெரிந்தவருக்கு வரிசை முழுவதும் தெரியும். இந்தத் தொடக்க எண்ணுக்கு ‘விதை’ என்று பெயர்.

அடிக்கடி நடக்கும் தவறுகள் இவை:

நேரத்தில் இருந்து கோடு செய்வது. பிஹெச்பி மொழியில் ‘யுனிக்ஐடி’ என்று ஒரு கட்டளை உண்டு. பெயரைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. அது அந்த நொடியின் நேரத்தை எழுத்தும் எண்ணுமாக மாற்றித் தருகிறது, அவ்வளவுதான். கூப்பன் மெசேஜ் எப்போது வந்தது என்று தெரிந்தவர், தேட வேண்டிய இடத்தைச் சுருக்கிவிடலாம்.

ஆர்டர் எண்ணை ‘எம்டி5’ போன்ற கலவைச் சூத்திரத்தில் போடுவது. வெளியே வருவது 32 இடம் கொண்ட பயங்கரமான கோடு. ஆனால் உள்ளே போனது வெறும் 1, 2, 3. சூத்திரம் ஊருக்கே தெரியும். யார் வேண்டுமானாலும் 1, 2, 3 போட்டு அதே கோடுகளை எடுத்துக்கொள்ளலாம்.

விளையாட்டுக்கு உருவான ரேண்டம் கட்டளையைப் பணத்துக்குப் பயன்படுத்துவது. பல மொழிகளில் இருக்கும் ‘மெர்சென் ட்விஸ்டர்’ 1997-ல் ஜப்பானில் உருவானது. கணக்கு ஆய்வுகளுக்கு அருமையானது. ஆனால் அது தரும் முழு எண்களில் அடுத்தடுத்த 624-ஐப் பார்த்தவர், 625-ஆவது என்ன என்று சொல்லிவிடலாம். பிரவுசரில் இருக்கும் ‘மேத் ரேண்டம்’ கட்டளையும் பாதுகாப்புக்கு ஏற்றது இல்லை.

விதை சின்னதாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு உலகம் அறிந்த உதாரணம் டெபியன். உலகெங்கும் சர்வர்களில் ஓடும் இந்த லினக்ஸ் அமைப்பில், 2006-ல் ஒரு திருத்தத்தின்போது, சாவி உருவாக்கும் பகுதியில் ரேண்டம் சேர்க்கும் வரி தவறுதலாக நீக்கப்பட்டது. 2008 மே மாதம் வரை யாரும் கவனிக்கவில்லை. அந்த இரண்டு ஆண்டுகளில் உருவான சாவிகள் பார்க்க மிக நீளமானவை. உண்மையில் ஒவ்வொரு வகையிலும் சுமார் 32 ஆயிரம் சாவிகளில் ஏதோ ஒன்றுதான் வந்துகொண்டிருந்தது. நீளமான பூட்டு, ஆனால் கொத்தில் இருந்த சாவிகளோ எண்ணிவிடக் கூடியவை.

சரியான வழி என்ன?

ஒவ்வொரு சர்வரின் இயங்குதளமும், யூகிக்கவே முடியாத சின்னச் சின்ன நிகழ்வுகளில் இருந்து சீரற்ற எண்களைச் சேர்த்து வைக்கிறது. ஹார்டுவேர் தரும் சிக்னல்களின் நேர வித்தியாசங்கள் மாதிரியான விஷயங்கள் அவை. அந்தக் களஞ்சியத்தில் இருந்து எடுத்துத் தரும் கட்டளையைத்தான் பயன்படுத்த வேண்டும்.

பிஹெச்பியில் அது ‘ரேண்டம் இன்ட்’. 2015 டிசம்பரில் வந்த 7-ஆம் பதிப்பில் இருந்து உண்டு. பைத்தானில் ‘சீக்ரெட்ஸ்’ தொகுப்பு, 2016 டிசம்பரில் வந்த 3.6 பதிப்பில் இருந்து இருக்கிறது. நோட் ஜேஎஸ்ஸில் ‘கிரிப்டோ’ தொகுப்பு. மூன்றிலும் தனியாக எதுவும் வாங்க வேண்டியதில்லை. சும்மா கிடக்கும் கட்டளைதான், எடுத்துப் பயன்படுத்தினால் போதும்.

ஸ்கிரிப்ட் செய்ய வேண்டிய வேலை இதுதான்:

1. குழப்பம் தராத 32 எழுத்து, எண்களை ஒரு வரியில் எழுதி வைக்க வேண்டும்.

2. பாதுகாப்பான ரேண்டம் கட்டளையிடம் 0 முதல் 31 வரை ஓர் எண் கேட்க வேண்டும். அந்த இடத்தில் இருக்கும் எழுத்தை எடுத்துக்கொள்ள வேண்டும்.

3. இதையே 8 அல்லது 10 முறை செய்தால் ஒரு கோடு தயார். நான்கு நான்காகப் பிரித்து நடுவில் ஒரு சிறு கோடு போட்டால் டைப் செய்ய எளிது.

4. டேட்டாபேஸில் சேர்க்க வேண்டும். அதே கோடு ஏற்கெனவே இருந்தால் டேட்டாபேஸ் மறுக்கும். மறுத்தால் 2-ஆம் படிக்குத் திரும்பி, புதிதாக ஒன்று எடுக்க வேண்டும்.

5. கோடுடன் கடைசித் தேதி, தள்ளுபடித் தொகை, குறைந்தபட்ச பில், யாருக்கு அனுப்பப்பட்டது, பயன்பட்டதா இல்லையா என்ற விவரங்களையும் சேர்த்து வைக்க வேண்டும்.

மொத்தமே 20, 30 வரிக்குள் முடிந்துவிடும் ஸ்கிரிப்ட் இது. இந்த வேலை முழுவதும் சர்வரில்தான் நடக்க வேண்டும். பிரவுசரில் ஓடும் ஸ்கிரிப்டில் கூப்பன் பட்டியலை வைத்தால், பக்கத்தின் மூலத்தைத் திறந்து பார்க்கத் தெரிந்த எவரும் எல்லாவற்றையும் படித்துவிடுவார்.

ஒரே கோடு இரண்டு முறை வந்துவிட்டால்?

ரேண்டமாக எடுத்தால் ஒரே கோடு மறுபடி வருமே என்ற சந்தேகம் நியாயமானது. ஓர் அறையில் 23 பேர் இருந்தாலே, அவர்களில் யாராவது இருவருக்கு ஒரே பிறந்தநாள் இருக்கும் வாய்ப்பு பாதிக்கு மேல். கோடுகளுக்கும் அதே கணக்குதான்.

4 இலக்க எண்ணில் 500 கூப்பனை ரேண்டமாக எடுத்தால், சராசரியாக 12 ஜோடிகள் மோதிக்கொள்ளும். அதாவது ஒரே கோடு இரண்டு பேருக்குப் போய்விடும். மேலே சொன்ன 8 இடக் கோடில் 10,000 கூப்பன் எடுத்தாலும், ஒரு மோதலாவது நடக்கும் வாய்ப்பு சுமார் 22 ஆயிரத்தில் ஒன்றுதான்.

அரிதுதானே என்று விட்டுவிடவும் முடியாது. அதனால்தான் 4-ஆம் படியில் டேட்டாபேஸின் தடை. ‘இருக்கிறதா என்று முதலில் தேடிப் பார்த்துவிட்டுச் சேர்க்கலாம்’ என்று ஸ்கிரிப்டில் எழுதுவது பாதி வேலைதான். தேடுவதற்கும் சேர்ப்பதற்கும் நடுவில் இன்னொரு கோடு உள்ளே வந்துவிடலாம். கோடு இருக்கும் பத்தியில் ‘இரண்டு முறை வரக் கூடாது’ என்ற விதியை டேட்டாபேஸிலேயே வைத்துவிட்டால், எந்த வழியில் வந்தாலும் அது தடுத்துவிடும்.

ஆக, யூகிக்க முடியாமையை ரேண்டம் கட்டளை பார்த்துக்கொள்கிறது. தனித்துவத்தை டேட்டாபேஸ் பார்த்துக்கொள்கிறது. ஒன்றின் வேலையை இன்னொன்றிடம் கொடுக்கக் கூடாது.

கோடு பலமாக இருக்கிறது, வாசல் திறந்திருக்கிறதா?

நல்ல கோடு பாதிப் பாதுகாப்பு. அதைச் சரிபார்க்கும் பக்கம்தான் மீதிப் பாதி. உபர் விஷயத்தில் ஆய்வாளர்கள் நுழைந்ததே அந்த வாசல் வழியாகத்தான்.

முயற்சிகளுக்கு வரம்பு வேண்டும். நிமிடத்துக்கு 10 தவறான முயற்சிக்கு மேல் அனுமதி இல்லை என்று வைத்தால், 13 நாளில் முடிந்த அதே தேடல் 20 ஆண்டுகளுக்கும் மேல் இழுக்கும். ஒருவரே பல இணைய முகவரிகளில் இருந்து வரலாம். அதனால் மொத்தத் தவறான முயற்சிகள் திடீரென்று கூடினால், கடைக்காரருக்கு மெசேஜ் வரும்படி செய்துவிட வேண்டும்.

ஒரே நொடியில் இருவர் போட்டால் என்ன ஆகும் என்பதையும் யோசிக்க வேண்டும். 2015-ல் ஒரு பாதுகாப்பு ஆய்வாளர் ஸ்டார்பக்ஸ் பரிசு அட்டையில் இதைத்தான் காட்டினார். ஓர் அட்டையில் இருந்து இன்னொன்றுக்குப் பணம் மாற்றும் கட்டளையை, இரண்டு பிரவுசர்களில் இருந்து ஒரே நேரத்தில் அனுப்பினார். ‘பணம் இருக்கிறதா’ என்று சர்வர் இரண்டு முறையும் பார்த்தது, இரண்டு முறையும் ‘இருக்கிறது’ என்றே பதில் வந்தது. ஒரே பணம் இரண்டு முறை வரவானது. கூப்பனிலும் இதே ஆபத்து உண்டு. இதற்கு மருந்து, ‘பயன்படாமல் இருந்தால் மட்டும் பயன்பட்டதாக மாற்று’ என்று சோதனையையும் மாற்றத்தையும் ஒரே டேட்டாபேஸ் கட்டளையில் சேர்த்துவிடுவது. முதலில் வந்தவருக்குக் கிடைக்கும். அடுத்தவருக்கு மறுக்கப்படும்.

விதிகளிலும் ஓட்டை இருக்கக் கூடாது. 2019 ஜனவரி 20 அதிகாலையில், சீனாவின் பிண்டுவோடுவோ ஷாப்பிங் தளத்தில், காலாவதியான ஒரு சலுகைத் திட்டத்தின் ஓட்டை வழியாக ஒரு கும்பல் கோடிக்கணக்கான யுவான் மதிப்புள்ள கூப்பன்களை அள்ளியது. நிறுவனம் போலீசில் புகார் கொடுத்தது. சலுகை முடிந்துவிட்டது என்று போஸ்டரைக் கிழித்தால் போதாது, சர்வரிலும் முடிக்க வேண்டும்.

கடைசியாக, மனிதர்கள். எவ்வளவு பலமான கோடாக இருந்தாலும், 500 கோடும் இருக்கும் எக்செல் பட்டியலை ஊழியர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டால் எல்லா உழைப்பும் வீண்.

ஸ்கிரிப்ட் வெளியே தெரிந்துவிட்டால்?

தெரிந்தால் ஒன்றும் ஆகக் கூடாது. அதுதான் நல்ல முறைக்கு அடையாளம். 1883-லேயே கெர்க்ஹாஃப்ஸ் என்ற டச்சு அறிஞர் இதைச் சொல்லிவிட்டார். ஒரு ரகசிய முறை எப்படி இயங்குகிறது என்பது எதிரிக்குத் தெரிந்தாலும், சாவி தெரியாதவரை அது பாதுகாப்பாக இருக்க வேண்டும்.

‘தேதியையும் போன் எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தையும் கூட்டி, 7-ஆல் பெருக்கியிருக்கிறோம், யாருக்குத் தெரியப் போகிறது’ என்று சொல்லும் முறை இதில் தோற்றுவிடும். அந்த ஸ்கிரிப்டை எழுதியவர் வேலையை விட்டுப் போன அன்றே ரகசியமும் அவரோடு போய்விடுகிறது. பாதுகாப்பான ரேண்டமில் செய்த கோடை, அதை எழுதியவராலேயே யூகிக்க முடியாது.

எல்லாக் கூப்பனுக்கும் இவ்வளவு வேண்டுமா?

வேண்டாம். எல்லோருக்குமான சலுகைக்கு ரகசியம் தேவையே இல்லை. கோ-ஆப்டெக்ஸ் தீபாவளிக்குக் கைத்தறித் துணிகளுக்குத் தரும் 30 சதவீதத் தள்ளுபடிக்கு யாரும் கோடு கேட்பதில்லை. அதுபோல ‘பொங்கல்10’ என்று போஸ்டரில் அச்சடித்துப் பரப்பும் கோடு, எத்தனை பேருக்குப் போகிறதோ அவ்வளவு லாபம். அதற்கு வேண்டியது ஆளுக்கு ஒருமுறை என்ற கட்டுப்பாடும், கடைசித் தேதியும், அதிகபட்சத் தள்ளுபடி வரம்பும்தான்.

குறிப்பிட்ட ஒருவருக்கு, ஒரே ஒருமுறைக்கு, பண மதிப்போடு தரும் கோடு என்றால்தான் மேலே சொன்ன அத்தனையும் தேவை. பரிசு வவுச்சர், புகார் செய்தவருக்குத் தரும் இழப்பீட்டுக் கூப்பன், பழைய வாடிக்கையாளர் சலுகை எல்லாம் இந்த வகை.

வாடிக்கையாளர்கள் கவனிக்க வேண்டியது

பரிசுக் கூப்பன் கிடைத்த சந்தோஷத்தில், கோடு தெரியும்படி ஸ்டேட்டஸ் வைக்காதீர்கள். பழைய ரீசார்ஜ் கார்டைச் சுரண்டி எல்லோருக்கும் காட்டுவது மாதிரிதான் அது.

கூப்பன் ‘ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டது’ என்று வந்தால், மெசேஜின் ஸ்கிரீன்ஷாட்டோடு கடையைக் கேளுங்கள். கோடு எப்போது, எந்த ஆர்டரில் பயன்பட்டது என்ற பதிவு அவர்களிடம் இருக்க வேண்டும்.

கூப்பன் கோடு என்பது நீங்கள் கடைக்குக் கொடுப்பது. அதைப் பெற ஓடிபி, யுபிஐ பின், முன்பணம் எதுவும் தேவையில்லை. ‘பரிசுக் கூப்பன் விழுந்திருக்கு, வரி மட்டும் கட்டுங்க’ என்று யாராவது சொன்னால் அது மோசடி. பணத்தை இழந்திருந்தால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள்.

இனி சூரமங்கலம் கடைக்குத் திரும்புவோம். அந்தக் கடை அடுத்த பொங்கலுக்குப் புதிய முறையில் 500 கூப்பன் அனுப்புகிறது. 137-ஆவது கூப்பன் வாங்கியவர் பழைய பழக்கத்தில், கோடின் கடைசி எழுத்தை மாற்றிப் போட்டுப் பார்க்கிறார். ‘தவறான கோடு’. இன்னொன்று போடுகிறார். ‘தவறான கோடு’. பத்து முறை முடிந்ததும், ‘சிறிது நேரம் கழித்து முயலவும்’ என்று வருகிறது. 138-ஆவது கூப்பன், யாருக்கு அனுப்பினார்களோ அவர் வரும்வரை அப்படியே இருக்கிறது.